பெயர் தெரியாத எதையும் முகத்தில் பூசாதீர்கள்: தோல், முடி, அழகு சிகிச்சைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். சித்திரையில் கன்னத்தில் லேசாக மங்கு என்னும் கருந்திட்டு தெரிந்ததும், வீட்டுப் பக்கத்து மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கினாள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. பார்த்தவர்கள் எல்லாம் கல்யாணக் களை என்றார்கள். கல்யாணம் முடிந்து க்ரீமை நிறுத்திய நாலாம் நாள் முகம் சிவந்தது, வெயிலில் இறங்கினால் எரிந்தது, தாடையில் பொடிப் பொடியாகப் பரு வந்தது. மறுபடி பூசினாள், அடங்கியது. நிறுத்தினாள், திரும்ப வந்தது. இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது.

கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான் ட்யூபைத் திருப்பி, பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவது பெயர் ஒரு ஸ்டீராய்டு. ஒன்றரை வருஷம் பூசியவளுக்கு அந்தப் பெயர் ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. எனக்கும்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தோலோ முடியோ, மூன்று பெயர்கள் தெரியாமல் கை வைப்பதில்லை: பிரச்சினையின் பெயர், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், அதைச் செய்பவரின் பெயர். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வழக்கத்திலிருந்து வந்தவைதான்.

முதல் படி: உங்களுக்கு வந்திருப்பது என்ன?

சென்னையில் வருஷத்தில் பாதிக்கு மேல் வியர்வைதான். கடல்காற்றின் ஈரத்தில் வியர்வை காயவும் காயாது. இங்கே வரும் தோல் தொல்லைகளில் பல அதிலிருந்து தொடங்குபவை.

வேர்க்குரு என்பது வியர்வை வெளியே வரும் துளை அடைபடுவது. மேலே பவுடரை அப்பினால் அடைப்பு கூடும். குளிர்ந்த நீர்க் குளியல், தளர்வான பருத்தித் துணி, மின்விசிறிக் காற்று, அரித்தால் கொஞ்சம் காலமைன் லோஷன். இதற்கு மேல் செலவு வேண்டாம்.

தேமல் வேறு. எல்லோர் தோலிலும் குடியிருக்கும் ஒரு வகை ஈஸ்ட், வியர்வையில் பெருகுவதால் வருவது. மார்பு, முதுகு, கழுத்தில் வெளுத்தோ பழுப்பாகவோ, சுரண்டினால் பொடி உதிரும் திட்டுகள். கீட்டோகொனசோல் அல்லது செலினியம் சல்ஃபைடு மருந்தில் கிருமி சில வாரங்களில் அடங்கிவிடும். தோலின் நிறம் திரும்பத்தான் மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில்தான் பலர் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி வேறு எதையோ தேடிப் போகிறார்கள்.

தேமல் என்று நினைத்ததை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் வருடும்போது அந்தத் திட்டில் மட்டும் உணர்ச்சி குறைவாக இருந்தால், அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, தள்ளிப் போடத்தான் கூடாது. வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதக் கூட்டு மருந்து, அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். முழுக்கக் குணமாகும்.

படர்தாமரை வட்டமாகப் படரும், ஓரம் தடித்திருக்கும், அரிப்பு தாங்காது. பாவாடை நாடா கட்டும் இடுப்பு, ஈர ஜீன்ஸ் உரசும் தொடை இடுக்கு இரண்டும் அதற்குப் பிடித்த இடங்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தால் துண்டு, போர்வை வழியாக மற்றவருக்கும் போகும். கடையில் கேட்டால் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீமைக் கொடுப்பார்கள். ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும், பூஞ்சை அடியில் சத்தமில்லாமல் பரவும். வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காத டிரைக்கோஃபைட்டன் இன்டோடினியே என்ற பூஞ்சை இனத்துக்கு 2020-ல் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. இப்படிக் கலப்பு க்ரீம்களைக் கண்டபடி பூசியதும் அது பரவியதற்கு ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். திட்டு மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை மருந்தைத் தொடருங்கள்.

கழுத்துக் கருப்பு பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளின் கழுத்தைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தெடுக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கருப்பது அழுக்கே இல்லை. பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். சோதிக்க வேண்டியது ரத்தச் சர்க்கரையை. தேய்த்தால் இன்னும் கறுக்கும்.

பரு நெற்றியோரமாக மட்டும் வருகிறதா? தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிகிறதா என்று பாருங்கள். லேசான பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு, இரவில் பட்டாணி அளவு 0.1 சதவீத அடாபலீன் என்று மருத்துவர்கள் தொடங்குவார்கள் (கர்ப்பமாக இருந்தால் அடாபலீன் வேண்டாம்). பலன் தெரிய 8 முதல் 12 வாரம். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையை மட்டும் தோழி சொன்னாள் என்று எடுக்காதீர்கள். அது கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கக் கூடாது.

மங்கு வெயிலாலும் ஹார்மோனாலும் வருவது, கர்ப்ப காலத்தில் அதிகம். கட்டுக்குள் வைக்கலாம், ஒரேயடியாக ஒழிப்பதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும். அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயல் உள்ள சன்ஸ்க்ரீன் மங்குக்கு இன்னும் நல்லது, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும்.

இனி முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. டெங்கு, டைஃபாய்டு, பிரசவம், பட்டினி டயட் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும். காய்ச்சலை மறந்திருப்போம், ஷாம்புவைத் திட்டுவோம். காரணம் நீங்கியிருந்தால் இது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நிற்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சத்து இருப்பு), தைராய்டு பார்த்துவிடுங்கள். வேளச்சேரியோ மேடவாக்கமோ, வீடு மாறியதும் போர் தண்ணீரில்தான் முடி கொட்டுகிறது என்பார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் உடைக்கும். வேரோடு விழுந்தால் காரணத்தை உடம்பில் தேடுங்கள்.

பொடுகுக்கு எண்ணெய் தேய்த்து ஊறவைப்பது பழைய வழக்கம். பொடுகை உண்டாக்கும் ஈஸ்டுக்கு அந்த எண்ணெயே தீனி. 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்புவை வாரம் இரண்டு முறை, தலையில் ஐந்து நிமிடம் வைத்திருந்து அலசினால் பெரும்பாலும் ஒரு மாதத்தில் அடங்கும். வட்டமாக, வழவழவென்று முடி போயிருந்தால் அது புழுவெட்டு. புழு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குவது. வெங்காயச் சாறு தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளாமல் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டாம் படி: ட்யூபைத் திருப்பிப் படியுங்கள்

பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசோல், ஃப்ளுவோசினோலோன், பெக்லோமெத்தசோன். இந்த ஐந்தையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டி வையுங்கள். எல்லாம் ஸ்டீராய்டு. சரியான நோய்க்கு, சரியான நாள் கணக்கில் அருமையான மருந்துகள். முகத்தை வெளுக்க மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும், முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் எரியும். என் தங்கைக்கு வந்தது இதுதான். இதற்கு ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. அதனால் கேட்காமல் இருப்பது நம் கையில்.

ஏற்கெனவே பல மாதமாகப் பூசுகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறியாதீர்கள். ட்யூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். வீரியத்தைக் குறைத்துப் படிப்படியாக விடவைப்பார். என் தங்கைக்கு ஏழு மாதம் ஆனது.

இதைவிடப் பயங்கரம், பெயரே அச்சடிக்காத டப்பாக்கள். வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் நைட் க்ரீம் என்று வருபவை. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்த சிலரை விசாரித்தபோது, பெரும்பாலானோர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? நிச்சயமாக முடியாது. சில தடயங்கள் உண்டு. தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தால் அது பாதரசத்தின் வாசகம். கலோமல், மெர்க்குரஸ் குளோரைடு என்றால் அதேதான். தயாரித்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண் இல்லாத டப்பாவை வாங்கவே வேண்டாம். பூசியவருக்குச் சிறுநீர் நுரைத்துப் போனாலோ கால் வீங்கினாலோ, அன்றே சிறுநீர்ப் பரிசோதனை.

இன்னும் மூன்று சின்னப் பொருட்கள். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ஒரு ரசாயனம் சிலருக்குப் பொட்டு வைக்கும் இடத்தை வெள்ளையாக்கிவிடும். அரிப்போ வெளுப்போ தெரிந்த அன்றே பொட்டை நிறுத்துங்கள். மருதாணி சிவக்கும், கறுக்காது. ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் கோனில் தலைச்சாய ரசாயனமான பி.பி.டி. இருக்க வாய்ப்பு அதிகம், கை கொப்பளிக்கும். அதே பி.பி.டி. பெரும்பாலான கறுப்பு டைகளில் உண்டு. பத்து வருஷம் ஒன்றும் செய்யாத டை பதினோராம் வருஷம் முகத்தை வீங்க வைக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் துளி வைத்து 48 மணி நேரம் பாருங்கள்.

மூன்றாம் படி: செய்பவர் யார்?

அண்ணா நகர், தி.நகர், ஓ.எம்.ஆர். எங்கே போனாலும் ஸ்கின் அண்ட் ஹேர் என்று பலகை. வெள்ளை கோட் போட்டவர் எல்லாம் மருத்துவர் அல்ல. தோல் மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல். அல்லது டி.என்.பி. படித்தவர். காஸ்மெட்டாலஜிஸ்ட் (அழகு நிபுணர்), ட்ரைக்காலஜிஸ்ட் (முடி நிபுணர்) என்ற சொற்களைச் சில வாரச் சான்றிதழ் வாங்கியவர்கூடப் போட்டுக்கொள்ள முடிகிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த இடத்துக்குப் பதிவுச் சான்றிதழும் இருக்க வேண்டும். சுவரில் இல்லையென்றால் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் உங்கள் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

2016-ல் இதே சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அந்தச் செய்தியை இன்றும் என்னால் கடந்துபோக முடியவில்லை. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் தெளிவாக அறிவித்தது: முடி நடுவது அழகு அறுவைச் சிகிச்சை, அதற்கு முறையான பயிற்சி வேண்டும், பயிலரங்கிலோ யூட்யூபிலோ பார்த்துக் கற்றது போதாது.

கையில் பணம் இல்லை என்பதற்காகப் பார்லரில் மருத்துவம் பார்க்க வேண்டியதில்லை. சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடசென்னையில் ஸ்டான்லி, அப்புறம் கீழ்ப்பாக்கம் மூன்றிலும் தோல் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும், கூட்டம் இருக்கும். பார்ப்பவர் படித்த தோல் மருத்துவர்.

நான்காம் படி: எந்தச் சிகிச்சையில் என்ன ஆபத்து?

லேசர் முடி நீக்கம்: நம் மாநிறத்தில் உள்ள நிறமியும் லேசர் ஒளியை உறிஞ்சும், அதனால் சுடும். நம் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்.டி.யாக் என்ற லேசர் வகை மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது, டயோடு லேசரும் கவனமாகச் செய்யலாம். லேசர் அல்லாத ஐ.பி.எல். ஒளி மெஷின் என்றால் யோசியுங்கள். மெஷினின் பெயரைக் கேட்பது உங்கள் உரிமை. ஆறேழு அமர்வு ஆகும், முடி குறையும், முழுதாகப் போகாது. தாடையில் முடியோடு மாதவிடாயும் தள்ளிப் போனால் முதலில் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) பரிசோதனை.

கெமிக்கல் பீல் (ரசாயனம் பூசித் தோலின் மேலடுக்கை உரிப்பது): லேசானது பரவாயில்லை. ஆழமானது மாநிறத் தோலில் கருந்திட்டை விட்டுப் போகும். கத்திரி வெயிலில் வேண்டாம்.

கெரட்டின், ஸ்மூத்தனிங் (முடியை நேராக்குவது): சூடு பட்டதும் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது என்றால் ஃபார்மால்டிஹைடு வெளியாகிறது என்று சந்தேகியுங்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது அது. ஃபார்மால்டிஹைடு இல்லை என்று விற்பவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கலாம். இஸ்ரேலில் 2019 முதல் 2022 வரை முடியை நேராக்கிய பிறகு 26 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதானதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், சந்தேகம் இந்த வகைப் பொருட்கள் மேல். ஸ்டைலிஸ்டிடம் பாட்டிலை வாங்கிப் படியுங்கள். செய்துகொண்ட நாளிலோ அடுத்த சில நாட்களிலோ வாந்தி, வயிற்று வலி, இடுப்பு வலி வந்தால் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், முடிக்கு என்ன போட்டார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பி.ஆர்.பி. (உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்ததை ஊசியாகப் போடுவது), மைக்ரோநீட்லிங் (நுண் ஊசிகளால் தோலைக் குத்துவது): ரத்தம் தொடும் வேலை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு ஸ்பாவில் ரத்த ஃபேஷியல் செய்துகொண்டவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ஊசியும் குழாயும் உங்கள் கண் முன்னே உறை பிரிக்கப்பட வேண்டும்.

குளுட்டாதயோன் ஊசி: தோலை வெளுப்பதற்கு இந்த ஊசி பாதுகாப்பானது என்று நிரூபணம் ஆனதில்லை. கடும் ஒவ்வாமை, சிறுநீரகப் பாதிப்பு என்று பிலிப்பைன்ஸ் அரசின் மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. இதற்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். கறுப்பு நோயில்லை.

ஃபில்லர் (முகத்தின் பள்ளத்தை நிரப்பும் ஊசி): ஊசி தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், கண் பார்வையே போகலாம். ஹயலுரானிக் அமில ஃபில்லருக்கு ஹயலுரானிடேஸ் என்ற மாற்று மருந்து உண்டு. அது அறையில் தயாராக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

முடி நடுதல்: தலை முழுவதும் மரப்பு ஊசி போடுவார்கள். அதில் உள்ள லிக்னோகெய்ன் மருந்தின் அளவு உடல் எடைக்குத் தக்கது, மீறினால் வலிப்பும் இதய நிறுத்தமும் வரலாம். எடை பார்த்தார்களா, ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் காட்டும் கருவி உண்டா, மருத்துவர் கடைசி வரை அறையில் இருப்பாரா என்று கேளுங்கள். இருபத்திரண்டு வயதில் வழுக்கை தொடங்கியவர் உடனே நட்டால், நட்டது நிற்கும், சுற்றியுள்ளது தொடர்ந்து போகும். முதலில் சில மாதம் மினாக்சிடில் போன்ற மருந்து.

ஐந்தாம் படி: பணம் கட்டும் முன்

கல்யாணத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். தங்கையின் நாத்தனார் ஒருத்தி ஆறு மாதம் முன்பே ஆரம்பித்தாள், ஒரு சின்னக் கொப்புளம் ஆறுவதற்கும் நேரம் இருந்தது. பத்து அமர்வுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் அமர்வுக்கு மட்டும் கட்டுங்கள். காதோரம் ஒரு சிறு இடத்தில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். காது குத்திய இடம் தடித்து வளர்ந்ததா, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை உண்டா, கர்ப்பமா, வாயோரம் அக்கி வருவதுண்டா என்று அவர்களே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லி, ஒரு நகல் வாங்கி வாருங்கள்.

ஆறாம் படி: ஏதாவது தப்பாகிவிட்டால்

மூச்சுத் திணறல், உதடு வீக்கம், வலிப்பு, ஃபில்லருக்குப் பின் பார்வை மங்குதல் என்றால் உடனே 108. ஃபில்லர் போட்ட பிறகு தோல் வெளிறி வலி கூடினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். லேசரிலோ ரசாயனத்திலோ சுட்டால் ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள், மை எதுவும் வேண்டாம். ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று கிளினிக்கில் சொன்னாலும் வேறொரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் பதிவு. முதல் நாளிலிருந்து தினமும் ஒரே வெளிச்சத்தில் புகைப்படம் எடுங்கள். மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது நெறிமுறை விதி. மருந்தின் பக்கவிளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். பண விஷயத்துக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். செய்தவர் மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் தரலாம்.

இதற்கெல்லாம் பில் வேண்டும். எங்கள் வீட்டில் அது இல்லை, க்ரீமைப் பில்லில்லாமல்தான் வாங்கியிருந்தோம். ட்யூப் மட்டும் இருந்தது. காலியானதைப் பிதுக்கிப் பிதுக்கிப் பூசிக்கொண்டிருந்ததால் தங்கை அதைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தாள். அந்தக் காலி ட்யூபைப் படித்துத்தான் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கினார். நீங்களும் காலி ட்யூப், டப்பா, அட்டைப் பெட்டி எதையும் எறிய வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாங்கிய தேதியை மேலே எழுதி வையுங்கள்.